ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை: தொடர்வதா, நிறுத்துவதா?

மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளுக்காக ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பெறும் பெண்கள், மறுபரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “இந்த மாத்திரையை இன்னும் எத்தனை ஆண்டுகள் சாப்பிட வேண்டும்?” என்பதே. உடற்சூடு தணிந்துவிட்டது, இரவில் உறக்கம் வருகிறது, இனியும் மருந்து தேவையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அத்துடன், இம்மருந்தால் புற்றுநோய் வரும் என்று எவரோ சொல்லக் கேட்ட செய்தியும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும்.

இக்கேள்வியை மருத்துவரிடம் கேட்காமலேயே சிலர் ஒருநாள் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருந்துச்சீட்டைக் காட்டி, பரிசோதனை ஏதுமின்றிக் கடையில் வாங்கித் தொடர்கின்றனர். இவ்விரண்டு வழிகளிலும் இடர் உண்டு. மருந்தைத் தொடங்குவது எவ்வாறு ஒரு மருத்துவ முடிவோ, அவ்வாறே அதனை நிறுத்துவதும் ஒரு மருத்துவ முடிவாகும். எல்லார்க்கும் பொதுவான ஒரு நாளோ வயதோ அதற்குக் குறிக்கப்படவில்லை. மருந்து எதற்காகத் தொடங்கப்பட்டது, இப்போது உங்கள் வயது என்ன, உடலில் வேறு என்ன நோய்கள் உள்ளன என்னும் மூன்றையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சை எதற்காக?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது முற்றிலும் நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு ஏறத்தாழ 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அப்போது சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜென் சுரப்பு மிகவும் குறைகிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி, இக்குறைவினால், சிறிய வெப்ப மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. முகத்திலும் மார்பிலும் திடீரெனப் பரவும் சூடும், அதனைத் தொடரும் வியர்வையும் படபடப்பும் இதன் விளைவுகளே. உறக்கக் கேடு, மனச்சோர்வு, மூட்டு வலி, பெண்ணுறுப்பு வறட்சி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியனவும் பலருக்கு நேர்கின்றன. வெளியே தெரியாமல் எலும்பின் அடர்த்தியும் விரைவாகக் குறையத் தொடங்குகிறது.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜெனைச் சிறிய அளவில் ஈடுசெய்வதே இச்சிகிச்சை. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜெனுடன் புரோஜெஸ்டோஜென் என்னும் இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தரப்படுகிறது. ஈஸ்ட்ரோஜென் தனித்துச் செயற்பட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். புரோஜெஸ்டோஜென் அதனைத் தடுக்கிறது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜென் மட்டுமே போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கையைக் கூற வேண்டும். புரோஜெஸ்டோஜென் மாத்திரையால் வயிற்று உப்புசமோ மந்தமோ ஏற்படுகிறது என்று கருதி, அதனை மட்டும் விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜெனைத் தொடர்பவர்கள் உள்ளனர். கருப்பை உள்ளவர்கள் ஒருபோதும் இவ்வாறு செய்யலாகாது. அம்மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை எனில் வேறு வகை புரோஜெஸ்டோஜெனையோ, அம்மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பை உட்சாதனத்தையோ மருத்துவர் பரிந்துரைக்க இயலும்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

இச்சிகிச்சையைப் பற்றிய அச்சத்திற்குப் பெரிதும் காரணமானது, அமெரிக்காவில் நடைபெற்ற ‘பெண்கள் நல முன்முயற்சி’ என்னும் பெரிய ஆய்வு. அதன் ஒரு பகுதியில், 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களுள் ஒரு பிரிவினர்க்கு இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மறு பிரிவினர்க்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்தால் விளையும் தீமை நன்மையினும் மிகுதி என்று கருதி, 2002 ஜூலையில் அப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. அச்செய்தி பரவியதும் பல நாடுகளில் பெண்கள் பெருந்தொகையாக மருந்தைக் கைவிட்டனர்.

அந்த ஆய்வின் எண்களைச் சற்று நிதானமாகக் காண்போம். வெற்று மாத்திரை உட்கொண்ட 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருந்து உட்கொண்ட 10,000 பெண்களில் அது 38 ஆக இருந்தது. பக்கவாதம் 21-இலிருந்து 29 ஆகவும், மாரடைப்பு முதலிய இதய நாள நோய்கள் 30-இலிருந்து 37 ஆகவும், நுரையீரலைச் சென்றடையும் ரத்த உறைவு 8-இலிருந்து 16 ஆகவும் உயர்ந்தன. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவு 15-இலிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. ஈஸ்ட்ரோஜென் மட்டும் பெற்ற, கருப்பை அகற்றப்பட்ட பெண்களிடம் பக்கவாதம் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இதனால் அறியத்தக்கது, தீங்கு உண்மையிலேயே உண்டு என்பதும், ஒரு தனிப்பட்ட பெண்ணுக்கு அதன் வாய்ப்பு பலர் அஞ்சும் அளவினதன்று என்பதும் ஆகும். மேலும், ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்கினர் 60 வயதை எட்டியவர்கள். அவர்களுள் பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஐம்பதை ஒட்டிய வயதில், தொல்லை தொடங்கிய உடனே மருந்தைத் தொடங்கும் பெண்ணின் நிலை இதனின்றும் வேறு. அதே பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிடப்பட்ட முடிவில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மொத்த இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

எத்தனை ஆண்டுகள் உட்கொள்கிறோம் என்பதும் முதன்மையானது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரை, மேலைநாட்டுப் பெண்களை அடிப்படையாகக் கொண்டு ஒரு கணக்கைத் தந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் இரு ஹார்மோன்களையும் நாள்தோறும் உட்கொள்ளும் 50 பெண்களில் ஒருவருக்கு, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் மருந்தின் காரணமாகக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் நேரலாம். ஈஸ்ட்ரோஜென் மட்டும் உட்கொள்வோரில் அது 200 பேரில் ஒருவர். மருந்தை நிறுத்தியபின் இவ்வாய்ப்பு குறைகிறது. எனினும் நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம் அதில் ஒரு பகுதி பல ஆண்டுகள் எஞ்சி நிற்கிறது.

இச்சான்றுகளையெல்லாம் ஆராய்ந்த வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம், 2022-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கடவாதவர்களுக்கும், வேறு தடைகள் இல்லையெனில், தொல்லை தரும் அறிகுறிகளுக்கு இச்சிகிச்சையால் நன்மையே மிகுதி என்று கூறியது. 65 வயதை எட்டிவிட்டார் என்பதற்காக மட்டும் எவர்க்கும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

நான்கு நிலைகள்

உங்கள் நிலை எதனோடு ஒத்திருக்கிறது என்று காண்பதற்காக நான்கு எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம்.

முதலாமவர், 48 வயதில் இயல்பாக மாதவிடாய் நின்றவர். உடற்சூட்டினால் இரவெல்லாம் விழித்திருந்த காரணத்தால் மருந்தைத் தொடங்கினார். இப்போது வயது 53, தொல்லை ஏதுமில்லை. இவர் மருந்தைக் குறைத்துப் பார்க்க இது ஏற்ற காலம். உடற்சூடு ஓரிரு ஆண்டுகளில் போய்விடும் என்று முன்னர்க் கருதப்பட்டது. அமெரிக்கப் பெண்களிடையே நடந்த நெடுங்கால ஆய்வொன்று, அடிக்கடி உடற்சூடு நேரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழாண்டுகளுக்கு மேல் நீடிப்பதைக் காட்டியது. ஆகவே, முதல் முயற்சியிலேயே நிறுத்த இயலாவிடினும் இவர் மனந்தளர வேண்டியதில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் முயலலாம்.

இரண்டாமவர், 38 வயதில் அறுவை சிகிச்சையால் கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டவர். இப்போது வயது 43. ஐந்தாண்டு ஆகிவிட்டது, போதும் என்று உறவினர் வற்புறுத்துகின்றனர். இவரைப் பொறுத்தவரை அந்த அறிவுரை பொருந்தாது. இயல்பாகச் சுரந்திருக்க வேண்டிய ஹார்மோனையே இவர் மருந்தாகப் பெறுகிறார். இளவயதில் ஈஸ்ட்ரோஜெனை இழந்த பெண்கள் மருந்தின்றி இருந்தால் எலும்பு மெலிவும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே, தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் சராசரி வயது வரையிலேனும், அதாவது ஏறத்தாழ 50 வயது வரை, சிகிச்சையைத் தொடர்வதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு ஆய்வின் எண்களை இவருக்குப் பொருத்திப் பார்ப்பது முறையாகாது. 40 வயதுக்கு முன் தாமாகவே மாதவிடாய் நின்றவர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாமவர், 64 வயதினர். 14 ஆண்டுகளாக மாத்திரை உட்கொள்கிறார். இடையில் ரத்த அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்துகொண்டன. இவருக்கு முழுமையான மறுமதிப்பீடு தேவை. வயது கூடக்கூட பக்கவாதமும் ரத்த உறைவும் நேரும் வாய்ப்பு இயல்பாகவே கூடுகிறது. மாத்திரை அதனை மேலும் கூட்டுகிறது. மருந்தைக் குறைத்து நிறுத்துவது ஒரு வழி. தொல்லை மீண்டும் கடுமையாக வருமாயின், மிகக் குறைந்த அளவில், தோலின் வழியே உட்செல்லும் வகைக்கு மாறுவது இன்னொரு வழி.

நான்காமவர், பெண்ணுறுப்பு வறட்சிக்காகவும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்காகவும், அவ்விடத்தில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் களிம்பைப் பயன்படுத்துபவர். இதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் மருந்து மிகச் சிறிது. உடற்சூடு காலப்போக்கில் தணியும். வறட்சியோ மருந்தை விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆதலால் இதனை நெடுங்காலம் தொடரலாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

தாமதிக்கலாகாத நிலைகள்

சில நிலைகளில், படிப்படியாகக் குறைப்பது பற்றி எண்ணிக்கொண்டிராமல், உடனே மருத்துவரை அணுக வேண்டும். மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுதல், கால் நாளங்களிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைதல், மாரடைப்பு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தால் சிகிச்சை பொதுவாக நிறுத்தப்படும்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மார்பகத்தில் புதிய கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து ரத்தக் கசிவு ஆகியவற்றையும், காரணம் தெரியாத உதிரப்போக்கையும் அந்த வாரத்திற்குள்ளேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரிய அறுவை சிகிச்சை, நெடுநாள் படுக்கை, நீண்ட விமானப் பயணம் ஆகியன எதிர்நோக்கியிருப்பின், ஹார்மோன் மாத்திரை உட்கொள்வதை முன்கூட்டியே தெரிவியுங்கள். மூட்டு மாற்று அறுவை போன்றவற்றுக்குச் சில வாரங்கள் முன்பே மருந்தை நிறுத்தவோ மாற்றவோ நேரிடலாம்.

நிறுத்தினால் உடலில் என்ன நேரும்?

மருந்தை நிறுத்துவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உடற்சூடும் வியர்வையும் ஓரளவுக்கேனும் திரும்புகின்றன. மற்றவர்க்கு ஒன்றும் தெரிவதில்லை. யாருக்குத் திரும்பும் என்று முன்னதாகவே கூறத்தக்க பரிசோதனை எதுவுமில்லை. ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்ப்பதும் இதற்கு உதவாது. திரும்பிய தொல்லை சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிவது உண்டு. ஆகவே, நிறுத்திய முதல் வாரத்திலேயே முடிவு கட்டாமல், இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்துப் பார்ப்பது நன்று.

திடீரென வியர்த்துப் படபடப்பதெல்லாம் மாதவிடாய் நிறுத்தத்தால் வருவதன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் குறைக்கவல்ல மாத்திரைகளோ எடுப்பவர்கள், அவ்வேளையில் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

தைராய்டு குறைவுக்கு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஈஸ்ட்ரோஜென் மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் தைராய்டு மாத்திரையின் தேவை கூடியிருக்கலாம். நிறுத்தியபின் அத்தேவை குறையலாம். ஆகவே, ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத் தைராய்டு பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

எலும்பைக் குறித்து அனைவரும் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மருந்து எலும்புக்கு அளித்த காப்பு, மருந்தோடு முடிந்துவிடுகிறது. நிறுத்திய ஓரிரு ஆண்டுகளிலேயே எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும். அதனை நோயாளி உணரமாட்டார். வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதே அது வெளிப்படும். முன்னரே எலும்பு முறிந்தவர், தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்த வரலாறு உடையவர், நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவர், மிகவும் மெலிந்தவர் ஆகியோர், நிறுத்துவதற்கு முன்பே எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்வது நலம். அடர்த்தி குறைந்திருந்தால் அதற்குரிய வேறு மருந்துகள் உள்ளன. இடைவெளி விடாமல் அவற்றைத் தொடங்கலாம்.

எவ்வாறு நிறுத்துவது?

ஒரேயடியாக நிறுத்தலாம், படிப்படியாகவும் குறைக்கலாம். படிப்படியாகக் குறைத்தால் தொடக்கத்தில் தொல்லை குறைவாக இருக்கக்கூடும்; நெடுங்கால நோக்கில் இரு முறைகளுக்கும் வேறுபாடில்லை. உடற்சூடு முன்னர்க் கடுமையாக இருந்தவர்களுக்கு, மூன்று முதல் ஆறு மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பது மனத்திற்கும் உடலுக்கும் எளிதாக இருக்கும்.

மாத்திரையாயின் குறைந்த அளவுடையதற்கு மாறுவது, ஜெல் ஆயின் பூசும் அளவைக் குறைப்பது, ஒட்டுப்பட்டையாயின் சிறியதற்கு மாறுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை உடைப்பதும், பட்டையைக் கத்தரிப்பதும் கூடா. ஈஸ்ட்ரோஜென் எந்த அளவில் தொடரினும், கருப்பை உள்ளவர்கள் அதனுடன் புரோஜெஸ்டோஜெனையும் இறுதிவரை தொடர வேண்டும்.

காலத்தைத் தேர்வதும் பயன் தரும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளிச்சூடும் உடற்சூடும் ஒன்றுசேரும். அந்நாட்களில் நிறுத்தினால், தாங்க முடியாமை மருந்தின் குறையாலா வெயிலாலா என்றே அறிய இயலாது. ஐப்பசி முதல் தை வரையிலான குளிர்ந்த மாதங்கள் இம்முயற்சிக்கு ஏற்றவை. வீட்டில் திருமணம், மகளின் பேறுகாலம், பணியிட மாற்றம் போன்ற பெரும் பொறுப்புகள் இருக்கும் காலத்தைத் தவிர்ப்பதும் நன்று.

ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எத்தனை முறை சூடு வந்தது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், அன்றைய மனநிலை யாது என்று எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

விட்டு விட்டு புரோஜெஸ்டோஜென் உட்கொண்டவர்களுக்கு, நிறுத்திய சில நாட்களில் ஒருமுறை உதிரம் வரலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அதன்பின் எப்போது உதிரம் பட்டாலும், ஒரு துளியேயாயினும், அதனைப் பரிசோதிக்காமல் விடலாகாது. ‘மருந்தை நிறுத்தியதால் வருகிறது’ என்று தாமே காரணம் கற்பித்துக்கொண்டு காலம் கடத்துவதால், தொடக்கத்திலேயே குணப்படுத்தத்தக்க கருப்பைப் புற்றுநோய் முற்றிவிடக்கூடும்.

நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையே

தொல்லை மிகுமாயின் மீண்டும் தொடங்குவதில் தவறில்லை. ஆயினும், வீட்டில் எஞ்சியுள்ள மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொள்ளாமல், ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, மேமோகிராம் ஆகியவற்றைப் பார்த்தபின் தொடங்க வேண்டும். தோலின் வழியே உட்செல்லும் ஒட்டுப்பட்டையும் ஜெல்லும் கல்லீரலை முதலில் சென்றடைவதில்லை. ஆகவே, வழக்கமான அளவில் அவை மாத்திரையைப்போல் ரத்த உறைவு வாய்ப்பைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை. உடல் பருமன் உடையவர்க்கும், ரத்த உறைவு அச்சம் உள்ளவர்க்கும் இது கருதத்தக்கது.

ஹார்மோன் வேண்டாதவர்க்கும் கூடாதவர்க்கும் வேறு மருந்துகள் உண்டு. வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்றவை உடற்சூட்டைக் குறைக்கின்றன. பாராக்செட்டின் என்னும் மருந்தும் பயன் தரும். ஆனால் டமாக்ஸிஃபென் உட்கொள்ளும் மார்பகப் புற்றுநோயாளிகள் அதனைத் தவிர்க்க வேண்டும். அது டமாக்ஸிஃபெனின் பயனைக் குறைக்கக்கூடும். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்படுத்தும் உளவியல் பயிற்சியும் உடற்சூட்டினால் விளையும் துன்பத்தையும் உறக்கக் கேட்டையும் தணிப்பதாகச் சான்றுகள் உள்ளன.

உணவில் சோயா, ஆளிவிதை ஆகியவற்றைச் சேர்ப்பதில் தீங்கில்லை. அவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளையும் மூலிகைச் சூரணங்களையும் உட்கொள்வதாயின் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மூலிகை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. மிகுந்த காரம், கொதிக்கும் காபி, புகை, மது ஆகியன பலருக்கு உடற்சூட்டைத் தூண்டுகின்றன. உங்களுக்கு எது தூண்டுகிறது என்பதைக் குறிப்பேடே காட்டிக்கொடுக்கும்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும் உள்ளன. தயிர், எள், கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியன மீதியை ஈடுசெய்யும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைவாக நடப்பதும், வாரம் இருமுறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், குளியலறையில் வழுக்காத தரையும் எலும்பைக் காக்கும்.

இல்லத்தார் கவனத்திற்கு

மருந்தை நிறுத்திய சில வாரங்கள் உங்கள் வீட்டுப் பெண்மணிக்கு உறக்கம் குறையலாம், சிறு சொல்லுக்கும் கண் கலங்கலாம், சினம் வரலாம். ‘எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் மருந்தா சாப்பிட்டோம்’ என்பன போன்ற சொற்கள் அவரைத் தனிமைப்படுத்திவிடும். மின்விசிறி ஒன்றைக் கட்டில் அருகே வைப்பது, இரவு விழித்தவர் காலையில் சற்று நேரம் உறங்கும்படி அடுக்களைப் பொறுப்பை ஏற்பது, மருத்துவமனைக்கு உடன் வருவது ஆகியவை மருந்துக்கு நிகரான துணையாகும்.

அண்டை வீட்டாரின் அனுபவத்தைக் கொண்டு அவருடைய மருந்தை நிறுத்தச் சொல்லவோ தொடரச் சொல்லவோ வேண்டாம். ஒரே வயதுடைய இரு பெண்களுக்கும் வெவ்வேறு முடிவே சரியாக இருக்கக்கூடும். துயரமும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வில் பிடிப்பில்லை என்று அவர் பேசினாலோ, அதனை ஹார்மோன் கோளாறு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணும் எந்நேரமும் கிடைக்கும்.

மருத்துவரிடம் வரும்போது

முடிவெடுக்கும் சந்திப்புக்குப் பின்வருவனவற்றைக் கொண்டுவாருங்கள்: முதன்முதலில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டு, கருப்பை அல்லது சினைப்பை அறுவை நடந்திருந்தால் அதன் வெளியேற்றக் குறிப்பு, கடைசியாக எடுத்த மேமோகிராம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு அறிக்கைகள், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகள், குடும்பத்தில் எவர்க்கேனும் மார்பக, சினைப்பைப் புற்றுநோயோ ரத்த உறைவோ இருந்ததா என்னும் விவரம். சினைப்பைகள் அகற்றப்பட்டனவா, கருப்பை மட்டுமா என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சையின் காலமே அதனைப் பொறுத்திருப்பதால், அந்த ஒரு தாளைத் தேடி எடுத்து வருவது மிகவும் பயனுள்ளது.

அச்சந்திப்பில் இவ்வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்:

1. எனக்கு இம்மருந்து எந்தக் காரணத்திற்காகத் தொடங்கப்பட்டது? அக்காரணம் இன்னும் உள்ளதா?

2. என் வயதையும் மற்ற நோய்களையும் கருதினால், தொடர்வதால் எனக்கு வரும் நன்மையும் தீங்கும் யாவை?

3. மாத்திரைக்குப் பதிலாக ஒட்டுப்பட்டையோ ஜெல்லோ எனக்குப் பொருந்துமா?

4. நிறுத்துவதாயின் எந்த மாதத்தில், எவ்வளவு காலத்தில், எந்த அளவுகளில் குறைக்க வேண்டும்?

5. என் எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா? எலும்பைக் காக்க வேறு மருந்து தேவையா?

6. தொல்லை திரும்பினால் எத்தனை நாள் பொறுக்கலாம்? அதன்பின் என்ன செய்வது?

தொடர்வதென முடிவு செய்தவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் இதே வினாக்களோடு மீண்டும் வர வேண்டும். நிறுத்தியவர்கள் மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்து பார்ப்பது நன்று. முடிவு எதுவாயினும், அதனை மருந்துச்சீட்டிலேயே நாளிட்டு எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்டுப் பெறுங்கள். பின்னர் வேறொரு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும் உங்கள் சிகிச்சை அறுபடாமல் தொடர அது வழிகோலும்.